சத்தைக் கொட்டிச் சமைத்தேன்

எனக்கு வந்தது சத்துக் குறைவு இல்லை, சத்து அதிகம். இதை எங்கள் ஊர் இண்டூரில் யாரிடம் சொன்னாலும் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். "சத்து அதிகமாயி யாராச்சும் ஆஸ்பத்திரியில படுப்பாங்களா டீச்சர்? பணம் அதிகமாயி யாராச்சும் அழுவாங்களா?" என்று எங்கள் வீட்டில் பால் வாங்க வந்த பெண் கேட்டேவிட்டாள். ஒவ்வொருவரிடமும் நின்று விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் மல்லிகா. எங்கள் ஊர்ப் பக்கத்து அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். ஊருக்கு நான் 'சத்துணவு டீச்சர்'. பிள்ளைகளுக்கு அரிசி, பருப்பு, காய், எண்ணெய் எல்லாவற்றையும் தலைக்கு இத்தனை கிராம் என்று தராசில் நிறுத்துக் கொடுப்பது என் வேலை. அடுப்பைப் பார்த்துக்கொள்வது சமையலர் பாப்பாத்தியக்கா. அவரோடு நான் சண்டை போட்டதெல்லாம் பெரும்பாலும் ஒரே விஷயத்துக்குத்தான். கீரை வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுவார். "அக்கா, சத்தெல்லாம் சாக்கடையில போவுது பாருங்க" என்று கத்துவேன். பேரிலேயே சத்தை வைத்துக்கொண்டிருக்கிறவள் கத்தாமல் என்ன செய்வாள்?

எனக்கு ரத்த அழுத்தம் பல வருடமாக உண்டு. போன வருடம் ஒரு பரிசோதனையில் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்றார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான், வீடே வரிந்துகட்டிக்கொண்டு எனக்குச் சத்து ஏற்ற ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் முருகேசன் தக்காளியும் சாமந்தியும் போடுகிறவர். தோட்டத்திலிருந்து வரும்போதே முருங்கைக் கீரையோடு வருவார். பக்கத்துத் தோப்பில் சொல்லிவைத்து எனக்கென்று இளநீர் வாங்கினார். பொம்மிடியில் இருக்கும் என் நாத்தனார் செல்வி, வாழைத்தண்டுச் சாறு கிட்னிக்கு உயிர் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வரும்போதெல்லாம் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்தாள். ராகிக் களி, கொள்ளு ரசம், சத்துமாவுக் கஞ்சி எதற்கும் குறைவில்லை. உப்புக்கும் வழி கண்டுபிடித்தார் என் வீட்டுக்காரர். தருமபுரியில் பெரிய கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று ஒரு பாக்கெட் விற்கிறதாம். சாதாரண உப்பைவிட விலை அதிகம். "விலை அதிகம்னா நல்லதாத்தான் இருக்கும். இதுல எவ்வளவு வேணா போட்டுக்கோ, ஒண்ணும் பண்ணாது" என்று மேசைமேல் வைத்தார். நானும் ஆனந்தமாகப் போட்டேன். நாக்குக்கு உப்பும் கிடைத்தது, டாக்டர் சொன்ன மாதிரியும் ஆச்சே என்று எனக்கு ஒரே பெருமை.

அப்புறம் ஒரு காலை, பள்ளியில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த படி கனத்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். கால் இரண்டும் நனைந்த சாக்கு மாதிரி தரையோடு கிடந்தன. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நெஞ்சு ஒரு அடி அடித்துவிட்டு அடுத்த அடிக்கு யோசித்தது. பாப்பாத்தியக்கா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைத் தாங்கிப் பிடித்தார். "டீச்சருக்குச் சத்தே இல்ல, யாராச்சும் ஓடிப்போயி ஒரு இளநி வெட்டிக்கிட்டு வாங்க" என்றார். நல்லவேளை, அந்த நேரத்தில் இளநீர் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

தருமபுரி ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் நெஞ்சில் ஒயர் ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். அந்தத் தாள் வெளியே வரவர அதைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. அதுவரை நடந்துகொண்டிருந்த நர்ஸ் ஓடினார். நான் பயந்தது அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான். அதுவரை இது வெறும் மயக்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். பொட்டாசியம் என்று ஒரு தாது. காய், கீரை, பழம், பயறு, இளநீர் எல்லாவற்றிலும் இருக்கிறது. தசை சுருங்கி விரிவதற்கும் இதயம் ஒழுங்காக அடிப்பதற்கும் அது வேண்டும். நல்ல சிறுநீரகம் வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். தளர்ந்த சிறுநீரகத்தால் தள்ள முடியாது. ரத்தத்திலேயே தங்கித் தங்கி, ஒரு கட்டத்தில் இதயத்தையே நிறுத்திவிடும். எனக்கு அந்தக் கட்டம் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது.

கையில் கால்சியம் ஊசி போட்டார்கள். அது இதயத்துக்குக் காவலாம். அடுத்து இன்சுலின் என்றார்கள். எனக்கு வந்ததே கோபம்.

"சார், எனக்கு சுகர் கெடையாதுங்க. வேற யாருக்கோ போடறத எனக்குப் போடறீங்க" என்றேன்.

"உங்களுக்குத்தாம்மா. கூடவே குளுக்கோஸும் போகுது. இன்சுலின் போனா ரத்தத்துல இருக்கிற பொட்டாசியத்தத் தற்காலிகமா செல்லுக்குள்ள தள்ளி வெக்கும்."

"தற்காலிகமாவா? அப்புறம்?"

"அப்புறத்த அப்புறம் பார்க்கலாம். மொதல்ல நீங்க பேசறத நிறுத்துங்க" என்று சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

ஆவி பிடிக்கிற மாதிரி ஒரு மருந்தை முகமூடி வழியாக இழுக்கச் சொன்னார்கள். தண்ணீரில் கலக்கி ஒரு பொடி கொடுத்தார்கள். சுண்ணாம்பும் மணலும் கலந்து குடித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. குடலில் இருக்கும் பொட்டாசியத்தை அது பிடித்துக்கொண்டு வெளியே போகுமாம். என் மகள் தேன்மொழி, கல்லூரியில் படிக்கிறவள், ஒவ்வொரு வேளையும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்று, நான் சின்ன வயதில் அவளுக்கு எப்படி மருந்து ஊற்றினேனோ அதே மாதிரி என் மூக்கைப் பிடித்தாள். வார்டே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்து பொடியெல்லாம் புடவையில்.

சிறுநீரக டாக்டர் வந்தது அதற்குப் பிறகுதான். சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"இந்தத் தடவ தப்பிச்சுட்டீங்க. உங்க சிறுநீரகத்துல கொஞ்சம் வேல மிச்சம் இருக்கு. சாப்பாட்டால பொட்டாசியத்தப் பிடிச்சு வெச்சா, டயாலிசிஸ இன்னும் தள்ளிப்போடலாம். பிடிக்க முடியலன்னா தள்ளிப்போட முடியாது. வாரத்துக்கு மூணு நாள் இங்க வந்து மெஷின்ல படுக்கணும்."

"வேலைக்குப் போவ முடியுங்களா சார்?"

"கஷ்டம்மா. மூணு வாரம் கழிச்சு ரத்தம் எடுத்துப் பார்ப்போம். அதுலயும் ஏறியிருந்தா, கையில ரத்தக்குழாய இணைக்கிற சின்ன ஆபரேஷன் பண்ணி டயாலிசிஸுக்குத் தயார் பண்ணிடுவோம்."

அவர் போன பிறகு நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். டயாலிசிஸ் பண்ணிக்கொண்டு நன்றாக இருக்கிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் தராசை விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது. அந்தப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும்போது நான் அங்கே இருக்க வேண்டும். அழுகையாக வந்தது. அழுதேன்.

மறுநாள் டயட்டீசியன் வந்தது. சின்னப் பெண், பென்னாகரத்துக்காரி. நான் என்னென்ன சாப்பிட்டேன் என்று கேட்டது. முருங்கைக் கீரை, இளநீர், வாழைத்தண்டு, கொள்ளு, களி என்று நான் அடுக்க அடுக்க அதன் கண் விரிந்துகொண்டே போனது. நானோ பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

"அம்மா, நீங்க சொன்னது எல்லாமே பொட்டாசியங்க" என்றது.

"அதெல்லாம் சத்துங்களே!"

"ஆமாங்க. பொட்டாசியமும் சத்துதான். உங்களுக்கு அதுதான் அதிகமாயிருச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடம் சத்து என்றால் ஏற ஏற நல்லது என்று ஊருக்கே சொன்னவள் நான். சத்துக்கு ஒரு அளவு உண்டு, அந்த அளவு உடம்புக்கு உடம்பு மாறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"இருந்தாலும் இவ்வளவு ஏறியிருக்கே. வூட்டுல சாப்பிடற பாக்கெட் அயிட்டம் எல்லாத்தையும் கொண்டாரச் சொல்லுங்க, பார்க்கலாம்" என்றது அந்தப் பெண்.

என் வீட்டுக்காரர் ஒன்றைச் சொன்னால் ஒன்பதாகச் செய்கிறவர். உரச் சாக்கில் சமையலறையையே வாரிப் போட்டுக்கொண்டு வண்டியில் வந்து இறங்கினார். பிஸ்கெட், சத்துமாவு, ஊறுகாய், அப்பளம், சூப் பொடி, சிறுதானிய நூடுல்ஸ் என்று என் கட்டில் மளிகைக் கடையாகிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரம்மா ஊறுகாய் என்ன விலை என்று கேட்டார்.

அந்தப் பெண் ஒவ்வொரு பாக்கெட்டையும் முதுகுப் பக்கம் திருப்பியது. முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. சாக்கின் அடியிலிருந்து உப்பு வந்தது. திருப்பியது. நிறுத்தியது. தேன்மொழியிடம் நீட்டி, "உட்பொருள்னு போட்டிருக்கிறதப் படிம்மா" என்றது.

தேன்மொழி படித்தாள். "சோடியம் குளோரைடு. பொட்டாசியம் குளோரைடு..." அதற்கு மேல் படிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

சோடியத்தைக் குறைத்தால் உப்புக் கரிப்பு வேண்டுமே, அதற்கு அந்த இடத்தில் பொட்டாசியத்தைச் சேர்க்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கிறவர்களுக்கு அது பாதகமில்லை. என்னைப் போன்றவர்கள் தொடக் கூடாது. பாக்கெட்டின் பின்னால் சின்ன எழுத்தில் டாக்டரைக் கேட்டுப் பயன்படுத்தவும் என்றும் இருந்தது. நாங்கள் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார். வெகுநேரம் வரவில்லை. தேன்மொழி போய்ப் பார்த்துவிட்டு, "அப்பா வண்டி நிறுத்தற எடத்துல நின்னு அழுவுதும்மா" என்றாள். வரச் சொன்னேன். வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"நானே உனக்கு வெஷத்த வாங்கியாந்து குடுத்திட்டேனே மல்லிகா."

"என்னது, வெஷமா? அதிக வெல குடுத்து யாராச்சும் பொண்டாட்டிக்கு வெஷம் வாங்குவாங்களா? வாங்கினது நீங்க, அள்ளி அள்ளிப் போட்டுத் தின்னது நானு. அழறத வுட்டுட்டு அந்தப் பொண்ணு சொல்றதக் கவனிங்க. எனக்கு மறந்தாலும் உங்களுக்கு ஞாபகம் இருக்கணும்" என்று ஒரு அதட்டல் போட்டேன். அதட்டினால்தான் அவர் சரியாவார். மூக்கைச் சிந்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அன்று அந்தப் பெண் நடத்திய பாடம் எனக்குப் பத்தாம் வகுப்பில்கூட யாரும் நடத்தாதது. முதலில் உட்பொருள். எது அதிகமோ அது முதலில் இருக்கும். பொட்டாசியம் என்ற பெயரோ, பாஸ்பேட் என்ற பெயரோ எங்கே தென்பட்டாலும் எனக்கு வேண்டாம். பாஸ்பேட்டும் தளர்ந்த சிறுநீரகத்துக்குச் சுமையாம். அப்புறம் ஊட்டச்சத்துக் கட்டம். அது நூறு கிராமுக்குச் சொல்கிறதா, ஒரு பரிமாறலுக்கு, அதாவது ஒரு தடவை தட்டில் போடும் அளவுக்குச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறுதானிய நூடுல்ஸில் உப்பின் அளவு ஒரு பரிமாறலுக்குக் கம்மியாகத்தான் போட்டிருந்தது. ஆனால் ஒரு பாக்கெட்டில் எத்தனை பரிமாறல் என்று பார்த்தால், இரண்டு. யாரும் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்திருக்க மாட்டார்கள். எனக்கு இது கற்பூரமாகப் பற்றிக்கொண்டது. பரிமாறுவதே என் பிழைப்பு. ஒரு கரண்டி என்றால் எவ்வளவு என்று எனக்கா தெரியாது?

இரண்டு நாளில் செல்வி பொம்மிடியிலிருந்து வந்தாள், கையில் பாட்டில்.

"அண்ணி, வடிகட்டி எடுத்தாந்திருக்கேன். எழுந்து மடக்குனு குடிங்க."

"அடியே செல்வி, அத எடுத்துக்கிட்டு ஓடிப்போயிரு. கட்டில்ல கெடக்கிறவள ஒரேயடியா அனுப்பிச்சிட்டுத்தான் போவியா?"

பாவம், அவள் முகம் சுருங்கிவிட்டது. பஸ் ஏறி வந்தவள். பிறகு கையைப் பிடித்து உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். அவள் நம்பவில்லை. டயட்டீசியன் பெண்ணே வந்து சொன்ன பிறகுதான் பாட்டிலைப் பைக்குள் வைத்தாள். "அப்ப என்னதான் அண்ணி நான் கொண்டாரது?" என்றாள். ஏதாவது கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிற மனசு எல்லோருக்கும் வாய்க்காது. "சுரக்கா கொண்டா" என்றேன். அடுத்த தடவை ஒரு மூட்டை கொண்டுவந்தாள்.

வீட்டுக்கு வந்து முதல் நாள் சமையலறையில் நின்றபோது எனக்குக் கை ஓடவில்லை. தக்காளி கூடாது, அதுவும் எங்கள் காட்டிலேயே விளைகிற தக்காளி. புளி தொட்டுக்கொள்ளும் அளவு. தேங்காய் கொஞ்சம். கீரை, உருளை, வாழைக்காய் எதுவும் வேண்டாம். பருப்பு அளந்துதான். உப்பு சாதாரண உப்பே, ஆனால் மிகக் குறைவு. இதில் என்னத்தைச் சமைப்பது? அதோடு காயைப் பொடியாக நறுக்கி, சுடுதண்ணீரில் ஊறவைத்து, அதைக் கொட்டி, மறுபடி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துக் கொட்ட வேண்டும். பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடுமாம்.

வடிதட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கொட்ட மனசு வரவில்லை. பாப்பாத்தியக்காவிடம் போட்ட சண்டையெல்லாம் கண்முன் வந்தது. என் வீட்டுக்காரர்தான் பாத்திரத்தை வாங்கி மாட்டுத் தொட்டியில் ஊற்றினார். "சத்து வீணாவல மல்லிகா. மாடு குடிக்கட்டும், நீ பால் வாங்கற பொண்ணுகிட்ட வெல ஏத்திக் கேளு" என்றார். சிரித்துக்கொண்டே மீதியை நானே கொட்டினேன்.

முதல் ரசம் பாத்திரம் கழுவின தண்ணீர் போல இருந்தது. தேன்மொழி குடித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்று கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் தட்டை நக்குகிற மாதிரி சமையல் நடத்துகிறவள், என் ஒரு வாய்க்கு ஒரு ரசம் வைக்க முடியாதா?

தராசை எடுத்து மேடைமேல் வைத்தேன். டயட்டீசியன் பெண் ஒவ்வொரு காயிலும் எவ்வளவு பொட்டாசியம் என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்திருந்தது. தேன்மொழி போனில் பார்த்துச் சொல்லச் சொல்ல, குறைவாக இருக்கும் காய்களை மட்டும் தனியாக எடுத்தேன். உப்பு போன இடத்தில் என்ன வைப்பது என்று யோசித்தேன். மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்து, பூண்டு நசுக்கி, கடுகு கறிவேப்பிலை தாளித்து, இறக்கின பிறகு எலுமிச்சை கொஞ்சம் பிழிந்தால் ரசத்துக்கு உயிர் வந்தது. இறக்கும் முன் பிழிந்தால் கசக்கிறது. அதை மூன்று ரசம் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். சுரைக்காயை வடித்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கிப் புரட்டினால் பொரியல். முட்டைக்கோஸும் அப்படியே. இட்லிக்குச் சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் வதக்கி அரைத்த சட்னி. உப்பைச் சட்னியில் போடாமல் ஒரு சிட்டிகை மேலே தூவினால் நாக்கு முதலில் உப்பைத்தான் பார்க்கும், கொஞ்சமே போதும். சோறு வடித்த சோறு. புரதத்துக்கு முட்டையின் வெள்ளை, எத்தனை என்று சொன்னார்களோ அத்தனை. எல்லாமே அரை மணி நேரச் சமையல். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

உனக்கென்று தனியாகச் சமைக்காதே, எங்களுக்கும் சேர்த்துச் செய் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவர் தட்டில் மட்டும் ஒரு தக்காளியை நறுக்கி வைத்துக்கொள்வார், அதுவும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

பள்ளியில் நான் இன்னும் பாப்பாத்தியக்காவிடம் கத்திக்கொண்டுதான் இருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கீரைத் தண்ணீர் வேண்டும். அங்கே கொட்டக் கூடாது, என் வீட்டில் கொட்டியே ஆக வேண்டும். என்னைப் பார்த்து யாரும் கீரையை நிறுத்திவிடாதீர்கள், உங்கள் உடம்புக்கு என்ன வேண்டும் என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள் என்பதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன்.

மறுபரிசோதனை நாள் வந்தது. ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரர் ஒரே இடத்தில் நிற்கவில்லை. தேன்மொழி என் கையை விடவில்லை. எனக்கும் உள்ளூரப் பயம்தான். சுரைக்காயையும் ரசத்தையும் நம்பி வந்திருக்கிறோமே, ஏறியிருந்தால் இன்றே ஆபரேஷனுக்குத் தேதி எழுதிவிடுவார்களே என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே வேறொரு டாக்டர் இருந்தார், புதிதாக வந்தவர். பழைய சீட்டைப் பார்த்தார். அதில் இருந்த பொட்டாசியம் அளவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அப்புறம் புதுச் சீட்டை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கிரியாட்டினின் ஏறல, சிறுநீரகம் மேல கெடல. பொட்டாசியம் நார்மலுக்கு வந்துருச்சு. ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டு நிமிர்ந்தார்.

"இவ்வளவு இறங்கியிருக்கே, டயாலிசிஸ் எங்க பண்ணிக்கறீங்க?"

"எங்க வூட்டு அடுப்புலதாங்க சார்" என்றேன்.